ஆட்டுக்கு முன் நாயை வாங்காதீர்கள்: செம்மறிப் பட்டி தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், ஒரு மூலையில் படல் கட்டிய பட்டி. காலையில் ஆடுகளைத் திறந்துவிட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆளே வேண்டாம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது. இப்போது அந்த நிம்மதி போய்விட்டது. ராத்திரியில் தெருநாய்க் கூட்டம் வேலிக்குள் நுழைந்து பட்டியில் கிடக்கும் ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. விடியற்காலையில் கழுத்து கிழிந்து கிடக்கும் சினை ஆட்டைப் பார்ப்பவன் மனம் அந்த வாரம் முழுக்க ஒரு நிலையில் இருக்காது.

அதனால் புதிதாகச் செம்மறி வளர்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். ஆடு எங்கே வாங்குவது? ஆட்டை மடக்கிக் கொண்டுவர நல்ல நாய் எங்கே கிடைக்கும்? கைப்பேசியில் பச்சை மலைச்சரிவில் கறுப்பு வெள்ளை நாய் ஒன்று 200 ஆடுகளை ஒரு விசிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த நாய் ஆட்டின் உடலசைவைப் படித்துத்தான் வேலை செய்கிறது. ஆட்டைப் படிக்கத் தெரியாத ஆளால் அதற்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு வருடமாவது ஆட்டோடு நடந்துவிட்டு நாயைப் பற்றி யோசியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாங்கும் அன்றே நடக்கும் தவறுகள்

முதல் தவறு இனத்தில். எந்த மண்ணில் வளர்க்கப் போகிறோமோ அந்த மண்ணின் ஆட்டை வாங்க வேண்டும். சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் மேச்சேரி. தூத்துக்குடி, விருதுநகர் கரிசலுக்கு வேம்பூர். ராமநாதபுரத்துக்கு அங்கே இருக்கும் வெள்ளை ஆடு. செங்கல்பட்டு பக்கம் சென்னைச் சிவப்பு. இவையெல்லாம் கம்பளி ஆடுகள் அல்ல, மயிரினம்; கறிக்கும் தோலுக்கும்தான். வருடம் ஒருமுறை ரோமம் வெட்டி விற்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். கம்பளிக்கு நீலகிரி ஆடு இருக்கிறது. அது மலைக்குளிரில் வாழ்கிற ஆடு, சமவெளி வெயிலுக்குக் கொண்டுவரக் கூடாது. மேச்சேரி வாங்க நினைப்பவர்கள் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருக்கும் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. நல்ல மேச்சேரி எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணில் பதிந்துவிடும்.

அடுத்தது, பல்லைப் பார்க்காமல் வாங்குவது. கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்று, ஒன்றரை வயது. நான்கு பல் என்றால் ஏறத்தாழ இரண்டு வயது. எட்டுப் பல்லும் நிறைந்து தேய்மானம் தெரிந்தால் அதை விற்பவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறகு மடியைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்த ஆடு குட்டி போட்டாலும் பால் இருக்காது. கடைசியாகக் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது. வெளிறிச் சுண்ணாம்பு போல இருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு நிறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஆட்டுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

எனக்கு மிக அதிகமாக வலித்த தவறு வேறு. தொடங்கிய வருடம் ஒரு சந்தையில் 12 ஆடு வாங்கி, வண்டியிலிருந்து இறக்கிய கையோடு வீட்டு ஆடுகளோடு பட்டியில் அடைத்தேன். ஒரே வாரத்தில் மூக்கில் சளி, வாயில் புண், தண்ணீராய்க் கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய். வாங்கியதில் ஏழும், வீட்டு ஆட்டில் நான்கும் போயின. புது ஆட்டை மூன்று வாரம் தனியாக, காற்றும் தண்ணீர்த் தொட்டியும் கலக்காத தூரத்தில் வைக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இடமில்லை என்று விட்டுவிட்டேன். இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட ஊசி உடலில் வேலை செய்யவும் நாள் வேண்டும். அதற்கும் அந்த மூன்று வாரம்தான் உதவும்.

எண்ணிக்கையில் அவசரம் வேண்டாம். பத்துப் பெட்டை, ஒரு கிடா போதும். ஒரு கிடா 25 பெட்டை வரை தாங்கும் என்பதால் பெருக்க இடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றாமல் விட்டால் அதன் மகள்களோடே அது சேரும், குட்டிகள் சிறுத்துப்போகும்.

தீனியில் வரும் சாவு

பசியில் செத்த செம்மறியை விட, பாசத்தில் செத்த செம்மறியை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஓர் அண்டா கொண்டுவந்து கொட்டுவார்கள். இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள்தான் செம்மறிக்கு உயிர். சோறும் மக்காச்சோளமும் மொத்தமாக உள்ளே போனால் அங்கே அமிலம் பெருகி அவை அழிந்துவிடும். ஆடு உப்பி, பல்லைக் கடித்து, இரண்டு நாளுக்குள் சாய்ந்துவிடும். தானியம் கொடுப்பதென்றால் கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை ஆட்டுக்கும் வைப்பது இன்னொன்று. மாட்டுக் கலவையில் தாமிரம் அதிகம். செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். பல மாதம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். அதன்பின் பிழைப்பது அரிது. செம்மறிக்கென்று இருக்கும் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

வாடிய இளஞ்சோளப் பயிரில் விடாதீர்கள். அதில் இருக்கும் நஞ்சு நிமிடங்களில் கொல்லும். மழை பெய்து புது நுனிப்புல் தளதளவென்று எழும் வாரத்தில் காலையில் கொஞ்சம் கடலைக்கொடியோ சோளத்தட்டையோ தின்னக் கொடுத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வருவது அப்போதுதான். கொழுத்த நல்ல ஆட்டைத்தான் முதலில் தூக்கும். அதற்கான ஊசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். குடற்புழு மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஒரே கணக்கில், ஒரே மருந்தாகவே வருடக்கணக்கில் ஊற்றினால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். எடை பார்த்து ஊற்றுங்கள், சாணத்தைப் பரிசோதித்து ஊற்றுங்கள்.

எந்த நாய், எதற்கு

இப்போது நாய்க்கு வருவோம். ஆட்டோடு வேலை செய்கிற நாய்கள் இரண்டு வகை. ஒன்று ஆட்டை ஓட்டும், மடக்கும். இன்னொன்று ஆட்டோடு படுத்துக் காவல் காக்கும். இரண்டுக்கும் பிறவிக் குணமே வேறு. இதைக் கலந்துகொள்வதுதான் நாய் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு.

காணொளியில் வரும் பார்டர் கோலி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லை மலைகளில் உருவான இனம். 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஹெம்ப் என்ற நாயின் வழியில் வந்தவையே இன்றைய பார்டர் கோலிகள். அது செய்வது ஓநாயின் வேட்டையில் பாதி. உற்றுப் பார்க்கும், பதுங்கும், வளைத்து ஓடும். கடித்துக் கொல்லும் மீதிப் பாதியை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அடக்கிவிட்டான். இமாசலத்தில் கத்தி (Gaddi) என்ற இடையர் சமூகத்தாரின் நாய் வேறு மாதிரி. கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டையோடு சிறுத்தையை எதிர்த்து நிற்கும். ஆட்டை ஓட்டுவது அதன் முதல் வேலை அல்ல.

நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்குப் பெயர்போன நாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. ஆட்டை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வளர்ந்த சிப்பிப்பாறையைப் பட்டிக்குள் விட்டால், முதல் ஆடு ஓடத் தொடங்கியதுமே நாயின் கண்ணுக்கு அந்த ஆடு முயலாகிவிடும். அதில் நாயின் குற்றம் ஒன்றுமில்லை.

கொறங்காட்டுக்காரருக்கு வேண்டியது காவல் நாய். அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. நல்ல தாய்க்குப் பிறந்த நாட்டுக்குட்டியை இரண்டு மாதத்தில் கொண்டுவந்து, பட்டியை ஒட்டி ஒரு சின்னத் தடுப்பு கட்டி, ஆட்டின் மூச்சும் வாடையும் படும்படி வளர்க்க வேண்டும். இங்கே எல்லோரும் சறுக்குகிறார்கள். குட்டி அழகாக இருக்கிறது என்று முதல் மூன்று மாதம் வீட்டுத் திண்ணையில் வளர்த்துவிட்டு, பெரிதானதும் பட்டிக்கு விரட்டுகிறார்கள். அது வீட்டைத்தான் தன் கூட்டம் என்று நினைத்திருக்கும். ராத்திரி பட்டியை விட்டு வாசலுக்கு வந்து படுக்கும். பாசம் காட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள், ஆனால் சோறும் தூக்கமும் பட்டியில்தான் நடக்க வேண்டும். ஆட்டுக்குட்டிகளோடு ஓடி விளையாடிக் காதைக் கவ்வத் தொடங்கும் வயதில் பக்கத்தில் ஆள் இருந்து தடுக்க வேண்டும். ஒன்றரை வயதுவரை தனியாக நம்பிவிடக் கூடாது. கூட்டமாக வரும் தெருநாய்க்கு ஒரு நாய் ஈடாகாது, இரண்டு வேண்டும். கிளுவை வேலியின் அடியில் ஓட்டை இருந்தால் எத்தனை நாய் இருந்தும் பயனில்லை.

ஓட்டும் நாயைப் பழக்குவதென்றால்

திறந்தவெளியில் பெரிய மந்தை வைத்து, உண்மையாகவே ஓட்டும் நாய் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் நாயில்லாமல் ஒரு பயிற்சி செய்து பார்க்கட்டும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் பங்காளி வீட்டுப் பெரியப்பா. நான் ஆட்டுக்குப் பின்னால் கையைத் தட்டிக்கொண்டு ஓடுவேன். அது நாலு பக்கமும் சிதறும். “பின்னால போயி மெரட்டாத கண்ணு. தோளுக்குப் பக்கமா நின்னு பாரு” என்றார். நின்றேன். ஆட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால் ஓர் அடி வைத்தால் அது முன்னே நடந்தது. தோளைத் தாண்டி முன்னால் வைத்தால் திரும்பியது. பத்தடி தள்ளி நின்றால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தது. இன்னும் இரண்டடி நெருங்கினால் நகர்ந்தது. அந்த விலகும் தூரத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டு, குரல் எழுப்பாமல், ஐந்து ஆடுகளை ஒரு படலுக்குள் அன்று சாயங்காலம் கொண்டுபோய் அடைத்தேன். நாயிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

நல்ல ஓட்டும் நாய் தானாகவே ஆட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். நீங்கள் இந்தப் பக்கம். நடுவில் ஆடு. நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் எதிரே அதுவும் இடம் மாறி உங்களுக்கு நேராக வந்து நிற்கப் பார்க்கும். பாதிப் பயிற்சி உங்கள் நடையில்தான் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்று கத்துகிறவர்களுக்கு இது வராது.

நாலு மாதக் குட்டியை ஆட்டுக்குள் விடாதீர்கள். ஆட்டைச் சுற்றி வளைக்கும் வேகம் அதற்கு இருக்காது. ஒரு தாயாடு முட்டித் தள்ளினால் அந்தப் பயம் ஆயுளுக்கும் தங்கிவிடும். எட்டு மாதத்துக்கு மேல் தொடங்கினால் போதும். அதற்கு முன் “நில்”, “படு”, “வா”, “போதும்” நான்கையும் ஆடில்லாத இடத்தில் கல்லில் எழுதியது போலப் பழக்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒரே வேலை. நீங்கள் “போதும்” என்பதும் உங்கள் தம்பி “விடுடா” என்பதும் நாய்க்கு இரண்டு மொழி.

பழக்கும் ஆடு நாயைப் பார்த்துப் பழகியதாக, ஐந்தாறு சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒற்றை ஆடு மிரண்டு வேலியில் மோதும். குட்டி உள்ள தாயும், முட்டும் கிடாவும் வேண்டாம். செம்மறியின் சினை ஐந்து மாதம்; கடைசி ஒன்றரை மாதத்தில் இருப்பவற்றை ஓடவிட்டால் குட்டி விழுந்துவிடும். 50, 60 அடி அகலமுள்ள வட்டப் பட்டி, நாயின் கழுத்தில் தரையில் இழுபடும் லேசான நீளக் கயிறு, பத்து நிமிடம். நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். நம் வெயிலில் இதை விடிந்ததும் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டை அடுக்கு மயிர் உள்ள நாய் வேலை வெறியில் தன் உடல் சூட்டை உணராது. நாக்கு அகன்று தொங்கி நடை தள்ளாடினால் உடனே நிழலும் தண்ணீரும். பழகாத நாயை ஆட்டோடு தனியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒருமுறை கடித்து மயிரின் ருசி கண்டுவிட்டால் அதை மாற்றப் பல மாதம் ஆகும்.

நாயிலிருந்து ஆட்டுக்கு

நாயால் ஆட்டுக்கு நோய் வருவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆடு அறுத்தால் தலை, குடல், ஈரலை நாய்க்குப் பச்சையாகப் போடுவது நம் வழக்கம். அந்த மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால் அது நாயின் குடலில் புழுவாக வளரும். நாயின் மலத்தோடு முட்டைகள் புல்லில் விழும். அந்தப் புல்லைத் தின்னும் குட்டியின் மூளையில் மீண்டும் கட்டி வளரும். ஒரு மாலை பட்டியில் ஐந்து மாதக் குட்டி ஒன்று தலையை ஒருபுறம் சாய்த்து, ஒரே இடத்தில், ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். தீனியைக் காட்டினால் பார்க்கவில்லை, ஒரு கண் தெரியவில்லை. சுவரில் தலையை அழுத்தி நின்றது. மருந்தால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நாடாப்புழு மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வைக்கும். நாயைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பச்சைக் குடலும் தலையும் ஈரலும் நாய்க்குப் போடாதீர்கள். நன்றாக வேகவைத்துப் போடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டல் சேர்ந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, நாயின் எடைக்கு ஏற்பக் கொடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி வருடம் தவறாமல் போட வேண்டும், பட்டி நாய் தெருநாயோடு சண்டை போடுகிற நாய். எங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தேதியில் “நாய்” என்று மட்டும் எழுதியிருக்கும். அன்று காலை வெல்லத்தில் பொதிந்து மாத்திரை கொடுத்துவிட்டு, இரண்டு நாள் அதைக் கட்டிவைத்து, மலத்தை வாரிக் குழியில் போட்டு மூடுவது என் மகளின் வேலை. முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் கிளம்புவாள்.