சூடானால் ஸ்டார்ட் ஆகாத ஜிடிஓ: என் அனுபவம்

படிக்க அமெரிக்கா வந்த காலத்தில் ஒரு பழைய பான்டியாக் ஜிடிஓ கார் வைத்திருந்தேன், குழந்தை பிறந்ததும் விற்க வேண்டியதாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு ஆசை விடவில்லை, 1967 மாடல் ஒன்றை வாங்கிவிட்டேன், 400 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின். காலையில் உடனே கிளம்பும். ஃபீனிக்ஸ் வெயிலில் ஓட்டிவிட்டு பெட்ரோல் போட நிறுத்தினால் அப்புறம் ஸ்டார்ட் ஆகாது, பெட்ரோல் வாடைதான் தூக்கும்.

உங்கள் காரும் இப்படிச் செய்தால் உடனே ஸ்டார்ட்டரை மாற்றாதீர்கள். எஞ்சினை அணைத்த சூட்டோடு ஏர் கிளீனரைக் கழற்றி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சொட்டினால் அதுதான் விஷயம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும், இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் சூடு போகும் பாதை வேறு கார்புரேட்டருக்கு நேர் கீழே இருப்பதால், கார்புரேட்டரின் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்துவிடுகிறது.

கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஃபினாலிக் ஸ்பேசர் (பிளாஸ்டிக் போன்ற தடிமனான தகடு) வைத்தேன். ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். கார்புரேட்டர் உயர்வதால் சோக் (குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் காற்றைக் குறைக்கும் மூடி) கம்பியைச் சரிசெய்ய வேண்டும், பானட் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வழியில் மாட்டிக்கொண்டால், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடியே சாவியைத் திருப்புங்கள், காற்று நிறையப் போய்க் கிளம்பிவிடும்.