நிலத்தடி நீரில் குரோமியம் இருக்கிறதா? புதிதாக மாதிரி எடுப்பவர்களுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கிணறு இருந்த காலத்தில், பெரியவர்கள் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். குரோமியம் விஷயத்தில் அது நடக்காது. மலேசியக் குடிநீர்த் தரத்தில் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மஞ்சள் தெரிகிறது என்றால் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஆலைகளில் சுற்றுச்சூழல் பிரிவில் சேர்கிறார்கள். முலாம் பூசும் பட்டறையோ தோல் பதனிடும் இடமோ பக்கத்தில் இருந்தால், இந்த வேலை உங்கள் கைக்கும் வரும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குரோமியம் நீரில் இரண்டு வடிவில் வரும். குரோமியம் மூன்று பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். குரோமியம் ஆறு, ஆலையில் சொல்வதுபோல் 'குரோம் சிக்ஸ்', நீரோடு ஓடும். நச்சும் அதுதான் அதிகம். தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் குரோமேட் (குரோம் சிக்ஸ் சேர்ந்த உப்பு) ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே கிடந்த கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம்.

படி 1: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் (நீரைச் சோதிக்க நிலத்தில் இறக்கிய குழாய்கள்) வேண்டும், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. ஒரே நாளில் மூன்றிலும் நீர்மட்டம் அளக்க வேண்டும். குழாய் வாயிலிருந்து தண்ணீர் வரை உள்ள ஆழத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மூன்று குழாய் வாய்களின் உயரத்தையும் ஒரே அடிப்படையில் அளந்து, அதிலிருந்து ஆழத்தைக் கழித்தால்தான் நீர்மட்டம் கிடைக்கும். ஓர் உதாரணம்:

முதல் கிணறு: குழாய் வாயின் உயரம் 32.40 மீட்டர், ஆழம் 4.10. நீர்மட்டம் 28.30.
இரண்டாவது: 31.85, ஆழம் 4.35. நீர்மட்டம் 27.50.
மூன்றாவது: 31.20, ஆழம் 3.95. நீர்மட்டம் 27.25.

மூன்றாவதில் தண்ணீர் மேலாகவே கிடைக்கிறது, ஆனால் நீர்மட்டம் அங்கேதான் மிகத் தாழ்வு. ஆகவே நீர் முதல் கிணற்றுப் பக்கமிருந்து மற்ற இரண்டையும் நோக்கி ஓடுகிறது. ஆலை நடுவில் இருந்தால், முதல் கிணறு ஒப்பிட்டுப் பார்க்க, மற்றவை கசிவைப் பிடிக்க. ஆலைக்குள் ஆழ்துளைக் கிணற்றில் பம்பு ஓடினால் திசையே மாறலாம், அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: பழைய தண்ணீரை வெளியேற்றுவது

குழாயில் தேங்கி நின்ற நீர் மண்ணுக்குள் இருக்கும் நீரைக் காட்டாது. 50 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் நிற்கும். 6 மீட்டர் தண்ணீர் என்றால் 12 லிட்டர். மூன்று மடங்கு, அதாவது 36 லிட்டர் இறைக்க வேண்டும். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு), மின்கடத்துதிறன் இரண்டும் மாறாமல் நிலைத்த பிறகே மாதிரி. இறைத்த நீரைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், டிரம்மில் பிடித்து வையுங்கள்.

சுத்தமான கிணற்றில் தொடங்கி, சந்தேகமான கிணற்றைக் கடைசியாக எடுங்கள். எவர்சில்வர் வாளி வேண்டாம், எவர்சில்வரே குரோமியம் கலந்த உலோகம்தான்.

படி 3: இரண்டு பாட்டில்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லா பாட்டிலிலும் நைட்ரிக் அமிலம் விட்டுவிட்டேன். அறிக்கையில் குரோம் சிக்ஸ் 'இல்லை' என்று வந்தது. அடுத்த முறை அமிலமில்லாமல் எடுத்தபோது எல்லைக்கு மேல் இருந்தது. நீரில் கரிமப் பொருள் இருந்தால், அமிலம் சேர்ந்ததும் ஆறு மூன்றாக மாறிவிடும். அந்த இடைப்பட்ட மாதங்களில் யாரும் எதையும் செய்யவில்லை. அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

அதனால் மொத்தக் குரோமியத்துக்கு ஒரு பாட்டில்: நைட்ரிக் அமிலம் விட்டு, பிஎச் 2-க்குக் கீழே. குரோம் சிக்ஸுக்குத் தனிப் பாட்டில்: 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, அமிலம் விடாமல், ஐஸ் பெட்டியில். இதை 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். அமோனியம் சல்பேட் கரைசலால் பிஎச்சை 9.3 முதல் 9.7-க்குள் வைத்தால் 28 நாள் தாங்கும். எந்த முறை என்று ஆய்வகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கிழமையும் பாருங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. மாதிரி பினாங்கு ஆய்வகத்துக்குப் போகிறது என்றால் திங்கள் முதல் புதனுக்குள் எடுப்பதே நல்லது.

படி 4: ஒரு மாதிரியை இரட்டையாக எடுங்கள். தூய நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றும் கூடவே போகட்டும், வழியில் ஏதும் கலந்ததா என்று அதில் தெரியும். நேரம், கிணற்று எண், கையெழுத்து எல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும்.

படி 5: அறிக்கை வந்ததும்

குரோம் சிக்ஸ் மொத்தக் குரோமியத்தைவிட அதிகமாக இருக்கவே முடியாது. தெளிவாக அதிகம் என்று வந்திருந்தால் எங்கோ பிழை, மறுபடி எடுங்கள். அப்புறம் முதல் கிணற்றோடு ஒப்பிடுங்கள். கீழ்ப்பக்கக் கிணறுகளில் மட்டும் அளவு ஏறியிருந்தால் கசிவு ஆலையிலிருந்துதான் என்று சந்தேகிக்க வேண்டும். மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போகிறதா என்றும் பாருங்கள்.

அதே நாளில், நீர் ஓடும் திசையில் உள்ள லயங்களுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் நேரில் போய், பழைய கிணறு இருக்கிறதா, குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள்.