மவுண்டன் பைக் ஃப்ரேமில் பாகங்களைப் பூட்டுவது எப்படி? கேபிளிலிருந்து ஆரம்பியுங்கள்

புது ஃப்ரேம் கைக்கு வந்ததும் ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) சக்கரத்தையும் மாட்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கேபிள் ஃப்ரேமுக்குள்ளே ஓடுகிற வகை என்றால், எது எந்த வழியாகப் போகிறது என்று முடிவுசெய்து, அவுட்டரை (கேபிளின் வெளியுறை; உள்ளே ஓடும் கம்பிதான் இன்னர்) உள்ளே கோத்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். ஃபோர்க்கும் பாட்டம் பிராக்கெட்டும் (பெடல் அச்சு சுழலும் பேரிங் பாகம்) இல்லாத ஃப்ரேமில் அந்த இரண்டு பெரிய ஓட்டைகள் வழியாக விரலை விடலாம், டார்ச் அடித்துப் பார்க்கலாம், வழிதவறிய கேபிளைக் கொக்கி போட்டு இழுக்கலாம். எல்லாம் பூட்டிய பிறகு இதே வேலை அரை நாளைத் தின்றுவிடும்.

முதலில் ஃப்ரேம்

ரிப்பேர் ஸ்டாண்டில் நிறுத்தும்போது சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்ட்டைத்தான் பிடிக்கவைக்க வேண்டும். ஃப்ரேம் குழாயை ஒருபோதும் கவ்வவிடாதீர்கள். அலுமினியம் நசுங்கும், கார்பன் விரிசல் விடும். அடுத்து, கீறல் விழாமல் காக்கிற ஒட்டுப்படலத்தை இப்போதே ஒட்டிவிடுங்கள். டவுன் டியூப்பின் (முன்னாலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் குழாய்) அடிப்பக்கம், செயின்ஸ்டே (செயினை ஒட்டிப் பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்), கேபிள் உரசப்போகிற ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) ஓரங்கள், இந்த இடங்கள் போதும். ஒட்டும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் படலம் நன்றாகப் பிடிக்கும். கேபிள்கள் வந்த பிறகு ஒட்டப் போனால் சுருக்கம்தான் மிஞ்சும்.

கேபிளை உள்ளே கோப்பது

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியர் அவுட்டர் வேறு, பிரேக் அவுட்டர் வேறு. கியருக்கு வருவது பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன், உள்ளே கம்பி இழைகள் நீளவாக்கில் ஓடும். அதனால் அது அமுங்காது, ஷிஃப்டரின் (கியர் மாற்றும் லிவர்) ஒவ்வொரு கிளிக்கும் அப்படியே டெரெய்லருக்கு (செயினை நகர்த்தும் பாகம்) போய்ச் சேரும். பிரேக்குக்கு வருவது 5 மி.மீ., கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கேபிளில் இயங்கும் பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போட்டுவிடாதீர்கள். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது இழைகள் பிதுங்கி வெளியே வந்துவிடலாம், அப்போது பிரேக்கே இருக்காது.

சில ஃப்ரேம்களில் உள்ளேயே வழிகாட்டிக் குழாய் இருக்கும்; ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் வந்துவிடும், கதை முடிந்தது. குழாய் இல்லை என்றால் காந்தம் வைத்த கேபிள் கிட் உதவும். அதுவும் இல்லையா? மெல்லிய நூலின் நுனியை ஒரு துளைக்குள் விட்டு, மறுமுனைத் துளையில் வாக்குவம் கிளீனரை வைத்து, நடுவில் இருக்கிற மற்ற ஓட்டைகளைக் கையால் பொத்திக்கொண்டு இயக்குங்கள். நூல் சரேலென்று வந்துவிடும். அந்த நூலில் இன்னர் கேபிளைக் கட்டி இழுத்து, அதன் மேல் அவுட்டரைச் செருகிக்கொண்டே போக வேண்டியதுதான். பழைய கேபிளை மாற்றுகிறவர்கள் பழைய அவுட்டரை வெறுமனே உருவிவிடாதீர்கள். முதலில் அதற்குள் ஒரு நீளமான இன்னரை விட்டு, பிறகு அவுட்டரை மட்டும் உருவினால் வழி கைவிட்டுப் போகாது.

உள்ளே போகிற அவுட்டர் மேல் மெல்லிய ஃபோம் உறை ஒன்றைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கரடுமுரடான இறக்கத்தில் டவுன் டியூப்புக்குள் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஓய்ந்துபோவீர்கள்.

ஃபோர்க், ஸ்டெம், மற்றவை

பாட்டம் பிராக்கெட் பி.எஸ்.ஏ. என்ற மரை வகை என்றால் செயின் பக்கத்துக் கப் (பேரிங் இருக்கும் கிண்ணம்) கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் இறுகும். மரைக்குக் கிரீஸ் போட்டு, முதலில் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஹெட்செட்டில் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்குகள்) மேல்மூடி போல்ட்டின் வேலை ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. ஃபோர்க்கைப் பிடித்து நிறுத்துவது ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) பக்க போல்ட்டுகள். ஆகவே முதலில் மேல்மூடி, அப்புறம் ஸ்டெம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தப் பாகத்திலேயே அச்சிட்டிருக்கும். ஸ்டெம்முக்குப் பொதுவாக 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். கார்பன் இருந்தால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இறங்காதீர்கள்.

வெட்டும் முன்

இந்த இடத்தில்தான் அவசரப்படவே கூடாது. லிவர், ஷிஃப்டர், டெரெய்லர் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிட்டு, அவுட்டரை வெட்டாமல் நீளமாகவே பிடித்துப் பாருங்கள். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுசாகத் திருப்புங்கள். கேபிள் எங்கேயும் விறைக்கக் கூடாது, மடங்கவும் கூடாது. வலது லிவரிலிருந்து வருவதை இடது பக்கத் துளையில் நுழைத்தால் வளைவு பெரும்பாலும் பெரிதாக, இதமாக அமையும். உங்கள் ஃப்ரேமில் இரண்டு விதமும் முடியும் என்றால் இரண்டையும் வைத்துப் பாருங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள பைக் என்றால் ஷாக்கின் காற்றை வெளியேற்றி, பின்பகுதியை அடிவரை அமுக்குங்கள். பின்பகுதி மடங்கும் மெயின் பிவட் அருகில் அவுட்டர் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு உப்புகிறது என்று அப்போதுதான் தெரியும். அங்கே கொஞ்சம் தளர்வு விட்டே ஆக வேண்டும். நீளத்தில் சந்தேகம் வந்தால் ஒரு விரற்கடை கூடுதலாக விடுங்கள், அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவதற்குச் சாதாரண கட்டிங் பிளையர் ஆகாது, கேபிள் கட்டர் வேண்டும். வெட்டிய முனையை உற்றுப் பாருங்கள்: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் நசுங்கி வாய் மூடியிருக்கும். கூரான ஊசியை விட்டு அதை வட்டமாகத் திறந்து, முனையை அரத்தால் தட்டையாகத் தேய்த்து, அதன் பிறகே முனைக் குப்பியை (அவுட்டரின் முனையில் மாட்டும் சிறு மூடி) போடுங்கள். கியர் சரியாக விழவில்லை என்று வருகிற புகார்களில் நிறைய இந்த நசுங்கிய வாயில்தான் போய் முடியும்.

ஷிஃப்டரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கான நிலையில் வைத்து, இன்னரை விறைப்பாக இழுத்து, டெரெய்லர் போல்ட்டின் பள்ளத்தில் வைத்து இறுக்குங்கள். மிச்சத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, நுனியில் தொப்பி போட்டு நசுக்கிவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் ஒரே எச்சரிக்கை: மினரல் ஆயில் கேட்கிற பிரேக்கில் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம் போகக் கூடாது, டாட் கேட்கிற பிரேக்கில் மினரல் ஆயிலும் போகக் கூடாது. சீல்கள் கெட்டுவிடும். சக்கரம் மாட்டாத நேரத்தில் லிவரை அமுக்காதீர்கள்; பேட்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி வையுங்கள்.

துணைப் பொருட்கள் கடைசியில்

பாட்டில் கேஜ் போல்ட் 5 மி.மீ. மரை, லேசாக இறுக்கினால் போதும். ஆனால் போல்ட்டின் நீளத்தைப் பாருங்கள். நீளம் அதிகமானால் அதன் நுனி ஃப்ரேமுக்குள் ஓடும் பிரேக் ஹோஸில் போய்க் குத்தும். டூல் பை, பம்ப் எல்லாம் கேபிளை நசுக்காத இடத்தில் இருக்கட்டும். ஜிப் டையின் நுனியை ஒட்ட வெட்டுங்கள், இல்லையென்றால் முழங்காலைக் கிழிக்கும்.

எல்லாம் முடிந்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட்டில் கை வைத்தால் டக் டக்கென்று தெரிகிறதா? ஸ்டெம்மைத் தளர்த்தி மேல்மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்று அர்த்தம். முதல் சில ஓட்டங்களுக்குள் அவுட்டர்கள் குப்பியில் படிந்து, கியர் சற்று சோம்பலாகும். பேரல் அட்ஜஸ்டரை (கேபிளின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கால் சுற்று, கால் சுற்றாக வெளியே திருகிச் சரிசெய்துவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிடுங்கள்.