நாட்டிய நாடகக் குழு தொடங்குகிறீர்களா? பாட்டைப் பதிவு செய்ய அவசரப்படாதீர்கள்

போன மாதம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். பன்னிரண்டு பேரை வைத்து நாட்டிய நாடகக் குழு தொடங்கியிருக்கிறாள். "குற்றாலக் குறவஞ்சி போடறோம் டீச்சர். ரெக்கார்டிங் முடிஞ்சிடுச்சு, இனிமேதான் அடவு கோக்கணும்" என்றாள். பாட்டுக்கு ஆட்ட அசைவுகளை இனிமேல்தான் அமைக்க வேண்டுமாம். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான்.

சலங்கைக் கயிறு அறுவது, ஒப்பனைக்கு நேரம் போதாமல் போவது எல்லாம் இரண்டு நிகழ்ச்சி போட்டால் தானே புரிந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு: புதுக் குழுக்கள் செய்யும் பெரிய தவறுகள்.

பதிவு முதலில், ஒத்திகை அப்புறம்

ஊர் ஊராகப் பக்கவாத்தியக்காரர்களை அழைத்துப் போகச் சிறிய குழுவால் முடியாது. பதிவு செய்த பாட்டுதான் வழி. அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு வலிக்கிறது. எங்கள் குழுவின் சேமிப்பில் பாதிக்கு மேல் அந்த முதல் பதிவிலேயே போய்விட்டது.

ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு சொல்லுக்கட்டு (ஆட்டத்துக்கான தாளச் சொற்கள்) சொல்லும்போது காலப்பிரமாணம், அதாவது வேகம், சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். நாயகி வசந்தவல்லியின் பந்தாட்டத்தை எட்டுப் பேர் முழங்காலை மடக்கி அரைமண்டியில் ஆடிப் பார்த்தபோது, விரைவான மூன்றாம் காலத்தில் ஒருவருக்கும் அடவு சுத்தமாக விழவில்லை. குற்றாலத்துச் சிவனான திரிகூடநாதர் பவனிக்கு நான் விட்டிருந்தது இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு முழுத் தாளச் சுற்று. குடை, சாமரத்தோடு எல்லோரும் மேடைக்கு வந்து நிற்க நான்கு தேவைப்பட்டது. கணினியில் வேகத்தைக் குறைத்தோம். குரல் இழுபட்டு, மிருதங்கத்தின் நாதமே செத்துவிட்டது. மறுபடி பாட அந்தப் பாடகருக்குத் தேதி இல்லை. வேறொருவரைப் பாட வைத்தால் நடுவில் குரல் மாறுவது கேட்பவர்களுக்கு அப்படியே தெரிந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு அடுத்த வருஷம் வந்தது. சிவராத்திரி நாட்டியாஞ்சலி நடன விழாவில் எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்; நாடகமோ எண்பது நிமிடம். என்னிடம் இருந்தது எல்லாம் கலந்த ஒரே கோப்பு. எந்த இடத்தில் வெட்டினாலும் பாட்டோ தாளமோ அந்தரத்தில் நின்றது. வாய்ப்பை விட்டுவிட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஒரு குழு வளர்வது, ஒரே நாடகத்தை எந்த மேடைக்கும் எந்த நேரத்துக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துப் போட முடிவதால்தான்.

முதலில், தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரும் ஒரு பாடகரும் சுருதிப் பெட்டியும் இருந்தால் போதும், போனிலேயே பதிந்துகொள்ளுங்கள். ஒரு மாதம் அதற்கே ஆடுங்கள். எந்தப் பிரவேசத்துக்கு எத்தனை ஆவர்த்தனம், எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டுடியோ. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், குழல் ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ராக்காகக் கையில் வாங்கும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கும்பகோணத்துப் பெண்ணிடம் தனி ட்ராக்குகள் இருக்கின்றனவாம். பிழைத்தாள். பவனிக்கு இன்னும் இரண்டு ஆவர்த்தனம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வருஷமே முழு ராமாயணம்

வேண்டாம். சென்னையில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவியே ராமாயணத்தை ஆறு நாடகங்களாகப் பிரித்து 1955 முதல் 1970 வரை பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டார். அப்போது கலாக்ஷேத்ரா தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது.

ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஆள்

எங்கள் நாடகத்தில் சிங்கி என்ற குறத்தியாக ஆட இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்னால் பெங்களூர் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? முதல் நாளிலிருந்தே இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்காதது என் தவறு.

சங்கமாகப் பதியாமல் தள்ளிப்போடுவது

தமிழ்நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும்போது தணிக்கை செய்த பழைய கணக்கைக் கேட்பார்கள். அதை ஒரே நாளில் உண்டாக்க முடியாது.

சிமென்ட் தரையில் தினமும் ஒத்திகை

முழங்கால் போய்விடும். மாடியில் இடம் சும்மா கிடைத்தாலும் போகாதீர்கள். மரத்தளம் போட்ட கூடத்தை வாரம் இரண்டு நாளாவது வாடகைக்கு எடுங்கள்.