பிள்ளைகள் பிறந்த ஊர்கள் காட்டிக்கொடுத்த ரெஜிமென்ட்

அம்மா வழி மூதாதை ஒருவர் 1840களில் பிரிட்டிஷ் படையில் சிப்பாய். பெயர் தெரியும், ரெஜிமென்ட் தெரியாது. ஓய்வூதியக் கோப்புகளில் அவர் இல்லை. பணியிலேயே இறந்தவர்களை அங்கே தேடுவது பெரும்பாலும் வீண்.

அப்புறம்தான் பிள்ளைகளைக் கவனித்தேன். மூத்தவள் பிறந்தது கோர்ஃபு, அடுத்தவன் மால்டா, கடைக்குட்டி ஜிப்ரால்டர். கோர்ஃபு 1864 வரை பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த தீவு.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 17 (டபிள்யூஓ என்பது போர் அலுவலக ஆவணங்களின் குறியீடு) வரிசையில், எந்த ஊரில் எந்தப் படை இருந்தது என்பதற்கு மாதாந்திர அறிக்கைகள் உண்டு. மூன்று ஊருக்கும் மூன்று பட்டியல் எழுதினேன். மூன்றிலும் வந்தது ஒரே ரெஜிமென்ட்.

சரி என்று டபிள்யூஓ 12 வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். பழுப்பேறிய மையில், ஓரெழுத்து பிசகி, அவர் பெயர். பக்கத்தில் ‘மருத்துவமனையில்’ என்ற குறிப்பு. அந்த வரியிலிருந்து நெடுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.