மார்ச் மாதத்து ஜப்பானியப் பாடல்கள்: எங்கே தவறுகிறோம்?

ஜப்பானிய மொழி வகுப்பில் எங்களோடு படித்த ஒருவர் வேலை கிடைத்து நகோயாவுக்குக் கிளம்பினார். வகுப்பறையிலேயே சின்னதாக ஒரு பிரிவுபசார விழா வைத்தோம். பாட்டுப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மார்ச்சில் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறுவதை ஜப்பானியர் ‘சொட்சுக்யோ’ என்பார்கள். அந்தச் சொல்லை இணையத்தில் தேடி, அதே தலைப்பில் முதலில் கிடைத்த பாட்டை ஒலிக்கவிட்டேன். பியானோ இதமாகத்தான் தொடங்கியது. ஆனால் எங்கள் ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒசாகி யுதாகா 1985 ஜனவரியில் வெளியிட்ட பாட்டு அது. இரவில் பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு திரிந்த பையனின் குரல். அங்கே ‘சொட்சுக்யோ’ என்பது சான்றிதழ் வாங்குவது இல்லை; அடக்கி ஆள்பவர்களின் பிடியிலிருந்து நழுவுவது. பாடியவரே உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் வெளியேறியவர்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1985இன் தொடக்கத்தில் சைட்டோ யுகி, கிகுச்சி மொமொகோ, குரஹாஷி ருய்கோ ஆகிய மூவரும் இதே தலைப்பில் ஆளுக்கொரு பாட்டு வெளியிட்டார்கள். ஒசாகியையும் சேர்த்தால் நான்கு. சைட்டோ யுகியின் பாட்டில் வரும் பெண், விழாவில் அழாமல் நின்றால் கல்நெஞ்சுக்காரி என்பார்களே என்று தனக்குள் நினைத்துக்கொள்கிறாள். ஒரே தலைப்பின் கீழ் ஒருவர் கண்ணாடியை உடைக்கிறார், இன்னொருவர் கண்ணீரைச் சேமித்து வைக்கிறார். ஆகவே, தலைப்பை வைத்துப் பாட்டுத் தேடாதீர்கள். பாடகர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

இன்னொரு குழியும் அங்கே இருக்கிறது. பெண்கள் இசைக்குழுவிலிருந்து ஒரு பாடகி விலகுவதையும் ஜப்பானில் ‘சொட்சுக்யோ’ என்றே சொல்கிறார்கள். தேடலில் கிடைக்கும் பட்டியலில் பாதி அந்த வகையாக இருக்கக்கூடும்.

பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை

இந்தச் சொல்லைத் தமிழில் ‘பட்டமளிப்பு’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. உடனே கறுப்பு அங்கியும் துணைவேந்தரும் மனக்கண்ணில் வந்துவிடுகிறார்கள். பாடல்கள் பேசுவது அதையல்ல. ஜப்பானில் 6 ஆண்டு தொடக்கப் பள்ளி, 3 ஆண்டு நடுநிலை, 3 ஆண்டு உயர்நிலை என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் மார்ச்சில் ஒரு விழா. கட்டாயக் கல்வி 15 வயதில், நடுநிலைப் பள்ளியோடு முடிந்துவிடும். பிறகு நுழைவுத் தேர்வு எழுதி ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்து போவார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரே தெருவில் நடந்து பள்ளிக்குப் போன கூட்டம் அதோடு சிதறிவிடும். இந்தப் பாடல்கள் பலவற்றில் 15 என்ற எண் அவ்வளவு கனமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். பல்கலைக்கழக மாணவரை மனத்தில் வைத்துக் கேட்டால், இவ்வளவு அழுகை எதற்கு என்று தோன்றும்.

விழாவுக்கென்று எழுதாத விழாப் பாடல்கள்

எல்லோரும் செய்யும் தவறு இது, நானும் நெடுநாள் செய்தேன்: விழாவில் பாடுகிறார்கள் என்றால் விழாவுக்காகத்தான் எழுதியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது. ரெமியோரோமென் குழுவின் ‘சான்கட்சு கொகொனோகா’, அதாவது ‘மார்ச் 9’, 2004இல் அதே தேதியில் வெளிவந்தது. குழுவின் நண்பர் ஒருவருடைய திருமணத்துக்காகப் பிறந்த பாட்டு அது. தேதியும் அந்தத் திருமண நாள்தான். 2005இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒரு வகுப்பு மாணவர்கள் அதைச் சேர்ந்திசையாகப் பாடும் காட்சி வந்தது. அதன்பின் பள்ளிகள் அதைத் தமதாக்கிக்கொண்டன. கல்யாணப் பாட்டைப் பாடி மாணவர்கள் அழுகிறார்கள். யாருக்கும் அது உறுத்துவதில்லை.

கைஎந்தாய் குழுவின் ‘ஒகுரு கொதொபா’வும் அப்படித்தான். 1979இல் வந்தது. பள்ளி ஆசிரியரைப் பற்றிய புகழ்பெற்ற தொடரின் தலைப்புப் பாட்டு; பாடிய தகேதா தெத்சுயாவே அந்த ஆசிரியராக நடித்தார். ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்லும் அறிவுரை என்று ஒரு நாடே நினைத்துக்கொண்டிருக்க, காதலில் கைவிடப்பட்ட அனுபவத்திலிருந்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்பிட்ஸ் குழுவின் ‘சோரா மோ தொபெரு ஹசு’ 1994இல் வந்தது. 1996இல் பள்ளி மாணவர்களைப் பற்றிய ஒரு தொடரில் ஒலித்த பிறகே விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

நேர் எதிரான கதையும் உண்டு. சைதாமா மாகாணத்தின் சிச்சிபு நகரில் ககெமோரி என்றொரு நடுநிலைப் பள்ளி. 1991இல் அங்கே இசை ஆசிரியையாக இருந்த சகமோதோ ஹிரோமி, விடைபெறும் மாணவர்களுக்காக ஒரு பாட்டெழுதித் தரும்படி தலைமையாசிரியர் கொஜிமா நொபொருவிடம் கேட்டார். தமக்கு அந்தத் திறமையெல்லாம் கிடையாது என்று அவர் கையை விரித்துவிட்டார். மறுநாள் காலை ஆசிரியையின் மேசை மேல் எழுதிய தாள் கிடந்தது. இசையறைக்குப் போய்ப் பியானோ முன் உட்கார்ந்தவர், கால் மணி நேரத்தில் மெட்டமைத்துவிட்டார். ஆசிரியர்கள் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரே ஒரு முறை பாடிக் காட்டிவிட்டு மறந்துவிடுவதாகத்தான் திட்டம். அந்தப் பாட்டு, ‘தபிதாச்சி நோ ஹி நி’, இன்று நாடு முழுவதும் பள்ளி விழாக்களில் ஒலிக்கிறது. அதைப் புகழ்பெற்ற எந்தப் பாடகருடையது என்று தேடி அலையாதீர்கள். பின்னாளில் பாடகர்கள் பலர் பாடிப் பதிவு செய்தார்கள். பிறந்த இடம் ஒரு பள்ளியின் இசையறை.

இதனால்தான் நான் யாரிடமும் சொல்வது: முதலில் சேர்ந்திசை வடிவத்தைக் கேளுங்கள். பாடகரின் தனிக்குரல் பதிவு காதில் மெருகாக விழும், ஆனால் அந்தப் பாட்டு மாணவர்கள் மனத்தில் தங்கிய வடிவம் அதுவல்ல. ஒரு பாட்டை விழாப் பாட்டு ஆக்குவது எழுதியவரின் எண்ணமல்ல. ஒரு வகுப்பு சேர்ந்து நின்று பாடுவது. வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான என்எச்கே ஆண்டுதோறும் பள்ளிச் சேர்ந்திசைப் போட்டி நடத்துகிறது. நடுநிலைப் பள்ளிப் பிரிவின் போட்டிப் பாட்டாக 2008இல் ஆஞ்சலா அகியின் ‘தெகாமி’யும், 2009இல் இகிமோனோ ககாரியின் ‘யெல்’லும் வந்தன. பல மாதம் பயிற்சி செய்த பாட்டு, மார்ச்சில் தானாகவே தொண்டைக்கு வரத்தானே செய்யும்! ராட்விம்ப்ஸ் குழுவின் ‘செய்காய்’ கூட, 2018இல் என்எச்கே நிகழ்ச்சி ஒன்றில் 18 வயதையொட்டிய 1000 இளைஞர்கள் அவர்களோடு சேர்ந்து பாடுவதற்காக உருவானது.

‘நீ’ என்றால் காதலி என்று யார் சொன்னது?

‘தெகாமி’ என்றால் கடிதம். பதின்வயதில் தனக்குத் தானே எழுதிய கடிதம் ஒன்றை, 30 வயதில் தாயார் அனுப்பிவைக்க, அதிலிருந்து ஆஞ்சலா அகி எழுதிய பாட்டு அது. 15 வயதுப் பிள்ளை எதிர்காலத் தனக்கு எழுதுகிறது. வளர்ந்த தான் பதில் எழுதுகிறது. இதில் வரும் ‘நீ’யைக் காதலன், காதலி என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டது. பாடியவர் பெண், ஆனால் தன்னைக் குறிக்க வரும் சொல் ‘பொகு’, பேச்சு வழக்கில் ஆண்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல். ஜப்பானியப் பாட்டில் பெண் குரல் ‘பொகு’ என்று பாடுவது சர்வ சாதாரணம். ஆங்கில வரிகளின் வழியே வருபவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

படர்க்கையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அராய் யுமி எழுதிய ‘சொட்சுக்யோ ஷாஷின்’ என்ற 1975ஆம் ஆண்டுப் பாட்டில், பள்ளிப் புகைப்படத்தில் இருப்பவர் ‘அனோ ஹிதோ’, அதாவது ‘அந்த மனிதர்’. ஆணா பெண்ணா, வகுப்புத் தோழரா வேறு யாருமா, சொல்லே காட்டிக்கொடுக்காது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் ஒரு பாலைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழில் ‘அவர்’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கிடைத்த வசதியைக் கைவிட்டு ‘அவன்’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த நிறம் நீலமல்ல

இளமைக்கு ஜப்பானியச் சொல் ‘செய்ஷுன்’. இரண்டு எழுத்துகள்: ஒன்று ‘அஓ’ என்ற நிறம், மற்றது வசந்தம். இப்போதைய இளைஞர்கள் அதையே ‘அஓஹரு’ என்றும் படிக்கிறார்கள். அகராதியில் ‘அஓ’வுக்கு நீலம் என்று பார்த்துவிட்டு ‘நீல வசந்தம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நீலம் சோகத்தின் நிறம் என்பதால், பாட்டே சோகப் பாட்டு என்று முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘அஓ’ நீலத்தையும் பச்சையையும் சேர்த்துக் குறிக்கும் பழைய சொல். சாலையில் போகலாம் என்று காட்டும் விளக்கும் ‘அஓ’தான். வசந்தத்துக்கு அந்த நிறத்தைக் கொடுத்தது சீன மரபு. கோடைக்குச் சிவப்பு, இலையுதிர் காலத்துக்கு வெள்ளை, குளிர்காலத்துக்குக் கறுப்பு. பச்சிளங்குழந்தை, பச்சை மண் என்றெல்லாம் சொல்லும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை.

‘செய்ஷுன்’ என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு பாட்டு மார்ச்சுக்குப் பொருந்திவிடாது. பேஸ்பால் மைதானமும் வாணவேடிக்கையும் வரும் பாடல்கள் கோடைக்கு உரியவை. மிசஸ் கிரீன் ஆப்பிளின் ‘அஓ தோ நட்சு’வைப் பிரிவுபசாரப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். தலைப்பிலேயே ‘நட்சு’, கோடை, இருக்கிறது ஐயா.

பூவும் பொத்தானும்

பாடல்களில் செர்ரிப் பூ கொட்டுகிறது. ஆகவே விழா நாளில் மரமெல்லாம் பூத்திருக்கும் என்று நினைக்கிறோம். தோக்கியோவில் பூக்கத் தொடங்கும் சராசரி நாள் மார்ச் 24. சப்போரோவில் மே 1. உயர்நிலைப் பள்ளி விழாக்கள் பெரும்பாலும் மார்ச் தொடக்கத்திலும், நடுநிலைப் பள்ளி விழாக்கள் மார்ச் நடுவிலும் முடிந்துவிடும். பல ஊர்களில் அன்று மொட்டுதான். பூ வரவேற்பது ஏப்ரலில் புதிய பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகளை. பாட்டில் உதிரும் பூ, நினைவில் உதிர்வது.

பூவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் நாம் பொத்தானைக் கவனிக்கத் தவறுகிறோம். பையன்களின் கறுப்புச் சீருடையில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். மேலிருந்து இரண்டாவது, இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பது. விழா நாளில் ஒரு பெண் அதைக் கேட்டு வாங்கினால் மனத்தைச் சொன்னதாகப் பொருள். சைட்டோ யுகியின் பாட்டில், சீருடைப் பொத்தானைக் கேட்டு இளைய வகுப்புப் பெண்கள் பையனை மொய்க்கிறார்கள். கஷிவபாரா யோஷியே 1983இல் பாடிய ‘ஹரு நா நோ நி’, நகாஜிமா மியுகி எழுதியது. அதில் வரும் பெண் நினைவுக்காக ஒரு பொத்தான் கேட்கிறாள், வாங்கி என்ன செய்யப் போகிறாள் என்றால், வானத்தை நோக்கி எறிந்துவிடப் போகிறாள். பொத்தான் வழக்கம் தெரியாதவருக்கு இது விளையாட்டாகப் படும். தெரிந்தவருக்கு நெஞ்சு அடைக்கும்.

விழாவைக் காணொளியாக்கி இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். கட்டணமும் ஊதியமும் இல்லாமல் பள்ளியில் பாடுவதற்கு ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளியான ஒலிப்பதிவை அப்படியே காணொளியில் ஒட்டி ஏற்றுவது வேறு கதை. அதற்கு இசை நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

கடைசியாக, பழைய பாட்டு போதும் என்று ‘ஹொதாரு நோ ஹிகாரி’யைத் தேடுபவர்களுக்கு. மின்மினி வெளிச்சத்தில் படித்த ஏழை மாணவனின் சீனக் கதையைச் சொற்களில் வைத்து, ஸ்காட்லாந்து மெட்டில் 1881இல் பள்ளிப் பாட நூலில் வந்த பாட்டு. இதே மெட்டில் இன்னொரு பதிவும் உலவுகிறது: ‘வகாரே நோ வருட்சு’. கையைத் தட்டி எண்ணிப் பாருங்கள். நான்கு நான்காக வந்தால் பள்ளிப் பாட்டு. மூன்று மூன்றாக வந்தால், ஜப்பானியக் கடைகள் இரவு அடைக்கும் நேரத்தில் வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பப் போடும் இசை. அதை விழாவில் ஒலிக்கவிட்டால், கூட்டத்தில் இருக்கும் ஜப்பானியர்கள் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார்கள்.