தோள்பட்டை எலும்போரத்து வலி: எனக்குக் கைகொடுத்தவை

பாம்பன் பக்கம் தரையில் குனிந்து உட்கார்ந்து கிழிந்த வலை பின்னுகிறவர்களுக்குத் தோள்பட்டை எலும்பின் உள்ளோரம் எரிவது வழக்கம். தைலம் சூடு தரும், அவ்வளவுதான். வலிக்குப் பெரும்பாலும் காரணம் முன்னே தொங்கும் தலை. வலை நுனியைக் கால்விரலில் மாட்டாமல் தூணில் நெஞ்சுயரத்துக்குக் கட்டி, முக்காலியில் உட்கார்ந்தேன். அரை மணிக்கொருமுறை எழுந்து, இரு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்கி 5 நொடி பிடித்து விடணும்; 10 தடவை. தோளைக் காதுப் பக்கம் தூக்கிவிட்டால் கழுத்துதான் பிடித்துக்கொள்ளும். இரவில் சுவரோடு டென்னிஸ் பந்தை வைத்து, முதுகெலும்பைத் தொடாமல், வலிக்கும் இடத்தில் 30 நொடி அழுத்தம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். கை மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டணும். நெஞ்சு இறுக்கம், மூச்சடைப்பு சேர்ந்து வந்தால் பந்தெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிறகு வலப்பக்கம் மட்டும் குத்தினால் பித்தப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள்.